சிவப்புப் பட்டியலில் ஒரு பையன்

வாசகர் கடிதம்:

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் துணை முதல்வராக இருக்கிறேன். சுமார் 1,300 பிள்ளைகள். கட்டணம், வருகைப்பதிவு, மார்க் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஜூனில் ஒரு பள்ளி நிர்வாக சாஃப்ட்வேர் வாங்கினோம். அதில் ஒழுங்கு நடவடிக்கைக்குத் தனி மாட்யூல் இருக்கிறது. ஆசிரியர்கள் போனிலேயே பதிவு போடலாம். ஒவ்வொரு தவறுக்கும் புள்ளி குறையும். 10 புள்ளி போனால் பெயர் சிவப்பாக மாறி, பெற்றோருக்குத் தானாகவே செய்தி போகும். மூன்று மாதத்தில் 640 பதிவுகள் ஆகிவிட்டன. போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய வீட்டுக்கு இரவு 9:30க்குச் சிவப்புச் செய்தி போயிருக்கிறது. அப்பா பெல்ட்டால் அடித்துவிட்டார். நான்கு நாளாகப் பையன் வரவில்லை. எடுத்துப் பார்த்தால் 6 புள்ளி தாமதத்துக்கு, 2 அடையாள அட்டைக்கு, 2 வீட்டுப்பாடத்துக்கு. தாளாளரோ சிவப்புப் பட்டியலை அச்சிட்டு அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒட்டச் சொல்கிறார். மாட்யூலை மூடிவிடலாமா? போட்ட பதிவுகளை அழித்துவிடலாமா? நாளைக்கு ஏதாவது கேஸ் வந்தால் இந்தப் பதிவுகள் பள்ளிக்குப் பாதுகாப்பு என்கிறார்களே, உண்மையா? பெயர்களை மறைத்துச் சில ஸ்கிரீன்ஷாட்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

வணக்கம் டீச்சர்.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பையனைப் பற்றிப் பேசிவிடலாம். சாஃப்ட்வேர் அடுத்த வாரம்வரை காத்திருக்கும். அவனைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

இன்று மாலையே நீங்களும் வகுப்பாசிரியரும் அவன் வீட்டுக்குப் போங்கள். போன் போதாது. பள்ளியிலிருந்து போன் வந்தாலே அந்த வீட்டில் இப்போது பயம்தான் வரும். போனதும், "அந்தச் செய்தியை நாங்கள் அனுப்பிய விதம் தவறு, அதைச் சொல்லத்தான் வந்தோம்" என்று தொடங்குங்கள். மரியாதைக்காகச் சொல்லச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். வேலை முடிந்து வந்து உட்கார்ந்த மனிதர் கையில் இரவு ஒன்பதரைக்குக் கிடைத்தது மகனின் பெயரும் 'சிவப்பு நிலை' என்ற இரண்டு சொல்லும்தான். அவன் என்ன செய்தான் என்று அதில் இல்லை. திருடினானா, யாரையாவது அடித்தானா, பெண் பிள்ளை ஒருத்தியிடம் தவறாக நடந்தானா என்று அவர் மனம் எங்கெல்லாமோ போயிருக்கும். பையன் சில நாள் தாமதமாக வந்தான் என்று மட்டும் தெரிந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அடிக்கக் கூடாது என்பதையும் அதே பேச்சில், குரல் உயர்த்தாமல், தெளிவாகச் சொல்ல வேண்டும். பையனிடம் சற்றுத் தனியாகப் பேசுங்கள். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தாலோ, மறுபடி அடி விழும் என்று அவன் பயந்தாலோ 1098க்குப் பேசுங்கள். அது குழந்தைகளுக்கான உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏன் ஆறு நாள் தாமதம்? நீங்கள் அனுப்பிய படங்களில் ஆறு பதிவையும் பார்த்தேன். ஆறிலும் 'லேட்' என்ற ஒரே சொல்தான். காரணம் எழுத அந்தத் திரையில் கட்டமே இல்லை. பஸ்ஸா, தங்கையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறானா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மூன்று மாதத்தில் பள்ளியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கும் வேலையைப் புள்ளி எடுத்துக்கொண்டுவிட்டது.

இனி மாட்யூலுக்கு வருகிறேன். முழுவதுமாக மூட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒன்று, பெற்றோருக்குத் தானாகப் போகும் செய்தி. இரண்டு, புள்ளி. நிர்வாகி லாகினில் அறிவிப்பு அமைப்பு என்று ஒரு பகுதி இருக்கும், பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் அங்கேயே நிறுத்திவிடலாம். அங்கே இல்லையென்றால் விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டு அவர்கள் பக்கத்திலிருந்து நிறுத்தச் சொல்லுங்கள், மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். பிறகு இரண்டு வாரம் புதிய பதிவு எதுவும் வேண்டாம். அந்த இரண்டு வாரத்தில் உங்கள் பள்ளி ஒன்றும் தலைகீழாகப் போய்விடாது. ஜூனுக்கு முன்பும் நீங்கள் பள்ளி நடத்தியவர்கள்தானே.

புள்ளியை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், அது கூட்டக் கூடாதவற்றைக் கூட்டுகிறது. ஒருவன் சக மாணவனின் தலையைச் சுவரில் மோதினால் 5 புள்ளி, இன்னொருவன் ஐந்து நாள் அடையாள அட்டையை மறந்தால் 5 புள்ளி. திரையில் இரண்டு பேரும் ஒரே நிறம். உங்கள் 640 பதிவுகளை ஒரு சனிக்கிழமை நான்கைந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். பெரும்பகுதி தாமதம், அட்டை, தலைமுடி, ஷூ, வீட்டுப்பாடம் என்றுதான் இருக்கும். தாமதம் வருகைப்பதிவோடு போக வேண்டியது. வீட்டுப்பாடம் பாட ஆசிரியரின் நோட்டில் இருக்க வேண்டியது. அட்டையும் ஷூவும் வகுப்பாசிரியர் வாயால் சொல்லி முடிக்க வேண்டியவை. இவற்றைக் கழித்த பிறகு ஒழுங்குப் பிரச்சினை என்று உண்மையாகவே சொல்லத்தக்கவை எத்தனை மிஞ்சுகின்றன என்று பாருங்கள். மிஞ்சியவற்றைத்தான் கவனமாக எழுதவும் விசாரிக்கவும் உங்களுக்கு நேரம் வேண்டும். இப்போது அந்த நேரத்தை ஷூவும் அட்டையும் தின்றுகொண்டிருக்கின்றன.

சரி, ஒரு பதிவை எப்படி எழுதுவது? உங்கள் படங்களில் அடிக்கடி வருவது இதுதான்: 'வகுப்பில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டான், ஆசிரியரை மதிக்கவில்லை.' இதைப் படிப்பவருக்கு நடந்தது எதுவும் தெரியாது, எழுதியவருடைய கோபம் மட்டும் தெரியும். அதே சம்பவத்தை இப்படி எழுதலாம்: 'செப்டம்பர் 12, நான்காவது பீரியட், சுமார் 11:40. கணக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் சத்தம் கேட்டது. எழுந்து நிற்கச் சொன்னேன், நிற்கவில்லை. இரண்டாவது முறை சொன்னதும் "நான் பேசவே இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மேசையில் ஓங்கிப் போட்டான். பக்கத்தில் இருந்த இருவரை இன்னும் விசாரிக்கவில்லை.' இதில் பார்த்ததும் கேட்டதும் மட்டும் இருக்கின்றன. கடைசி வரி மிக முக்கியமானது. ஆசிரியருக்கு எது தெரியாது என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

இதற்குக் கீழே ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்: மாணவர் சொல்வது. அவன் வாயால் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். மன்னிப்புக் கடிதம் வாங்கி ஸ்கேன் செய்து ஏற்றுவது இதற்கு ஈடாகாது. 'இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்' என்று ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதிய தாள் அது. என்ன நடந்தது என்று அவனைக் கேட்டதற்கு அது சாட்சி ஆகாது. உங்கள் சாஃப்ட்வேரில் அந்தக் கட்டம் இல்லாவிட்டால், 'குறிப்பு' என்று எல்லாவற்றிலும் ஒரு காலியிடம் இருக்கும், அதையே பயன்படுத்துங்கள்.

பதிவை அன்றைக்கே, பள்ளி நேரத்துக்குள் போட வேண்டும். இரவு வீட்டில் போனில் போடுவது வேண்டாம். நாள் முழுக்க அடக்கி வைத்த எரிச்சல் அந்த நேரத்தில் விரலில் இறங்கிவிடும். எழுதியவரும் முடிவெடுப்பவரும் ஒருவராகவே இருக்கவும் கூடாது. கணக்கு ஆசிரியர் எழுதினால், வகுப்பாசிரியரோ நீங்களோ இரு பக்கமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் வரும் முன்பு ஒரு கறுப்பு அட்டை நோட்டு உண்டு. பெரிய தவறு செய்தவர்களின் பெயர் அதில் ஏறும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பெயருக்கு நேரே, 'ஆசிரியர் ஓய்வறையில் செல்போன் திருட்டு, விசாரணையில் உள்ளது' என்று நானே கைப்பட எழுதினேன். மூன்றாவது நாள் அந்தப் போன் ஆசிரியரின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. பையனைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தேன், வீட்டுக்கும் சொன்னேன். நோட்டைத் திறந்து ஒரு கோடு போட மட்டும் மறந்துவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்துப் பத்தாம் வகுப்பு முடித்து அவன் டி.சி. கேட்டபோது நான் விடுப்பில் இருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் கறுப்பு நோட்டைப் பார்த்துவிட்டு, நடத்தை என்ற இடத்தில் எல்லாருக்கும் எழுதும் 'நன்று' என்பதை விட்டுவிட்டு 'திருப்தி' என்று எழுதிவிட்டார். அவன் சேர விரும்பிய விடுதிப் பள்ளியில் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். அவனுடைய அம்மா திரும்பி வந்து, "போன் கிடைச்சிருச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று கேட்டார். புதிய சான்றிதழ் அன்றைக்கே கொடுத்தோம். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அதனால்தான் எந்தப் பள்ளி சாஃப்ட்வேரைப் பார்க்கச் சொன்னாலும் நான் முதலில் தேடுவது 'முடிந்தது' என்ற பொத்தானை. ஒரு பதிவு எப்படித் தொடங்கியது என்பதைவிட எப்படி முடிந்தது என்பதுதான் அதில் பெரிதாகத் தெரிய வேண்டும். 'விசாரித்தோம், தவறு நிரூபணமாகவில்லை', 'இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டனர்', 'பெற்றோர் வந்து பேசினார்கள், இரண்டு வாரம் பார்த்தோம், மறுபடி நடக்கவில்லை' என்று ஏதோ ஒரு முடிவும் தேதியும். திறந்தே கிடக்கும் பதிவுகளின் பட்டியலை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் திறந்திருந்தால் பிள்ளையை விட்டுவிட்டுப் பள்ளியைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

யார் யார் பார்க்கலாம் என்பது அடுத்தது. அனுமதிகள் என்ற பகுதியைத் திறந்தால் பெரும்பாலும் 'ஆசிரியர்' என்ற ஒரே வகைக்குள் எல்லாரும் இருப்பார்கள், எல்லாரும் எல்லாரையும் பார்ப்பார்கள். ஆறாம் வகுப்பு ஓவிய ஆசிரியர் பத்தாம் வகுப்புப் பையனின் பழைய சண்டையைப் பார்க்க என்ன தேவை? எழுதியவர், அந்த வகுப்பாசிரியர், நீங்கள், முதல்வர், ஆலோசகர் இருந்தால் அவர், இவ்வளவு போதும். கட்டணக் கவுன்டரில் இருப்பவருக்கு அந்தப் பக்கமே தெரியக் கூடாது. பாஸ்வேர்டைப் பகிர்வதையும் விசாரியுங்கள். விளையாட்டு ஆசிரியரின் பாஸ்வேர்டு மூன்று பேருக்குத் தெரியும், ஆசிரியரின் போனை வாங்கிக் கிளாஸ் லீடரே பெயர் போடுகிறான் என்பதையெல்லாம் நல்ல பெயருள்ள பள்ளிகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் பதிவை இன்னொரு பிள்ளை போடுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

இப்போது தாளாளர். அவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்களுக்கு உண்மையான கவலை என்று நினைக்கிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெற்றோர் கண்ணில் பட்டால் பிள்ளைகள் திருந்துவார்கள் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு ஒன்பதாம் வகுப்புப் பையனின் முதுகு பதில் சொல்லிவிட்டது. அதைச் சொல்லிவிட்டுச் சட்டத்தையும் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஊரார் பார்க்கப் பெயர் ஒட்டுவது அதில் வராது என்று எந்த வழக்கறிஞரும் அவருக்கு உறுதி கொடுக்க மாட்டார். அந்தச் சட்டம் எட்டாம் வகுப்புவரைதானே என்று அவர் கேட்கலாம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 18 வயதுவரை எல்லாருக்கும் பொருந்தும். தன் பொறுப்பில் இருக்கும் குழந்தைக்குத் தேவையற்ற உடல் துன்பமோ மனத்துன்பமோ ஏற்படுத்தினால் 3 ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அதன் 75ஆம் பிரிவு சொல்கிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும், பள்ளிகளில் தண்டனையை ஒழிக்க தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறது.

இதோடு தரவுப் பாதுகாப்பும் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே எடுத்துக்கொள்கிறது. அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதற்குக் கடுமையான வரம்பு வைக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் பள்ளிகளுக்கு ஒரு சலுகை தருகின்றன, ஆனால் கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் மட்டும். சுவரில் ஒட்டுவதற்கு அந்தச் சலுகை உதவாது. தகவல் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் சர்வரில் இருந்தாலும் பொறுப்பு பள்ளியுடையதுதான். சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருவதால் இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தாளாளருக்கு வேறு ஒரு பட்டியல் கொடுங்கள், பெயரே இல்லாத பட்டியல். இந்த மாட்யூலை முழுவதுமாக மூட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணமே அதுதான். மிஞ்சிய உண்மையான பதிவுகளை இடம், கிழமை, நேரம் என்று அடுக்கிப் பாருங்கள். எக்செலுக்கு ஏற்றிக்கொண்டால் அரை மணி நேர வேலை. நான் உதவிய ஒரு பள்ளியில் அடிதடிகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் நடந்திருந்தன: மதிய மணி அடித்துப் பத்து நிமிடத்துக்குள், தண்ணீர்க் குழாய்ப் பக்கம். நான்கு குழாயில் இரண்டு கெட்டுப்போயிருந்தன. எண்பது பையன்கள் இரண்டு குழாய்க்கு முண்டினால் சண்டை வராமல் என்ன செய்யும்? பிளம்பர் வந்து போனதும் அந்த இடத்துப் பதிவுகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. இன்னொரு பள்ளியில் தாமதங்கள் எல்லாம் ஒரே வழித்தடத்துப் பிள்ளைகளுடையவை. அந்த வழியின் டவுன் பஸ் காலை மணிக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் வரும். பெயர்ப் பட்டியலில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே கண் பெயரிலேயே நின்றுவிடும்.

உதட்டுக்குள் வைக்கும் புகையிலையான கூல் லிப் பற்றிய பதிவுகள் உங்களிடம் ஒன்பது இருக்கின்றன. பையைச் சோதித்துப் பெற்றோரை வரவழைத்தீர்கள், சரி. ஒன்பது பேரும் அதை எங்கே வாங்கினார்கள் என்று ஒரு பதிவிலாவது இருக்கிறதா? கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கவும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எங்கேயும் விற்கவும் 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் தடை போட்டிருக்கிறது. அந்தக் கடையைப் பற்றிப் போலீசில் எழுதிக் கொடுப்பது தாளாளரால் நன்றாகவே செய்ய முடிகிற வேலை. அவருடைய வேகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

அறிக்கை எடுக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் பெயரை மறைத்திருக்கிறீர்கள், ஆனால் பக்கத்திலேயே சாதிப் பிரிவும் கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீடு என்ற குறியும் தெரிகின்றன. ஒழுங்குப் பதிவுக்குப் பக்கத்தில் இவை வரவே கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில்கூடச் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. அந்த நெடுவரிசைகளை ஆசிரியர்களின் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்களும் முதல்வரும் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை தனியாக உட்கார்ந்து, 25 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகள் மேல் மட்டும் பதிவுகள் குவிகின்றனவா என்று பாருங்கள். குவிந்தால், எழுதும் கைகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். கடினமான பேச்சுதான். ஆனால் பேசாமல் விடக் கூடாது.

பாலியல் தொல்லை சம்பந்தப்பட்ட எதுவும், சந்தேகமே என்றாலும், ஒழுங்கு மாட்யூலுக்குள் போகக் கூடாது. ஆசிரியர் மேலோ, ஊழியர் மேலோ, மாணவர் மேலோ யார் மேல் புகார் வந்தாலும் சரி. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். சாஃப்ட்வேரில் பதிவு போட்டது தகவல் கொடுத்ததாகாது. கொடுக்கத் தவறினால் 21ஆம் பிரிவில் 6 மாதம்வரை சிறை உண்டு. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டுவரை. 'உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம்' என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்தக் குழந்தையின் பெயர் எந்த ஆசிரியரின் போன் திரையிலும் வரவும் கூடாது.

கேஸ் வந்தால் பாதுகாப்பா என்று கேட்டீர்கள். 'எடுத்த நடவடிக்கை' என்ற பட்டியலைப் படத்தில் பார்த்தேன்: வெளியே நிற்க வைத்தல், முட்டி போடுதல், மைதானம் சுற்றுதல், இம்போசிஷன். இவற்றைத் தேர்ந்தெடுத்து ஆசிரியர்கள் தேதியோடும் தங்கள் பெயரோடும் பதிவு போட்டிருக்கிறார்கள். பிள்ளையை முட்டி போட வைத்தோம் என்று பள்ளியே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. அந்தப் பட்டியலை விற்றவர் போட்டாரா, உங்கள் அலுவலகம் போட்டதா என்பது பெரிதல்ல. திரையிலிருந்து எடுங்கள், அதற்கு முன்னால் வகுப்பறையிலிருந்து எடுங்கள். என்ன நடந்தது, பிள்ளை என்ன சொன்னது, பெரியவர்கள் எப்படி உதவினார்கள், எப்படி முடிந்தது என்று நேர்மையாக எழுதிய பதிவுதான் பள்ளிக்குத் துணை நிற்கும்.

அதற்காகப் பழைய பதிவுகளை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். இந்தப் பையன் விஷயத்தில் நாளைக்கு விசாரணை வந்தால், அழித்தது மறைத்ததாகத்தான் தெரியும். 640 பதிவையும் ஒரு பிரதி எடுத்துப் பாஸ்வேர்டு போட்டு முதல்வர் பொறுப்பில் வையுங்கள். சாஃப்ட்வேரில் எல்லாப் பதிவையும் 'முடிந்தது' என்று மாற்றி, ஆசிரியர், பெற்றோர் இருவர் பார்வையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போடுங்கள். என் யோசனை: சின்னவை அந்தக் கல்வியாண்டோடு போகட்டும். காயம், மிரட்டல் போன்ற பெரியவை மட்டும் மாணவர் பள்ளியில் இருக்கும்வரை இருக்கட்டும், அதுவும் உங்கள் பார்வையில் மட்டும். ஜூனில் புது வகுப்பாசிரியர் திரையைத் திறக்கும்போது முன் ஆண்டின் கணக்கு எதுவும் அங்கே இருக்கக் கூடாது. டி.சி. அச்சிடும் பகுதியோடு இந்த மாட்யூலுக்குத் தொடர்பு இருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் துண்டியுங்கள். என் கறுப்பு நோட்டு செய்ததை உங்கள் கம்ப்யூட்டர் செய்ய வேண்டாம்.

விற்ற நிறுவனத்திடம் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு பதிவை யார் எப்போது திருத்தினார், முன்பு என்ன இருந்தது என்ற வரலாறு நிற்குமா? ஒப்பந்தம் முடிந்தால் எல்லாத் தகவலையும் எக்செலில் திருப்பித் தருவார்களா, தங்கள் பக்கத்தில் அழிப்பார்களா? அவர்களுடைய ஊழியர்கள் இந்தப் பதிவுகளைத் திறந்து பார்க்க முடியுமா? 'நம்ம சாஃப்ட்வேர்ல அப்படி மாத்த முடியாது மேடம்' என்பார்கள். மாற்ற முடியும். கிப்பன் என்று ஹாங்காங் பள்ளி ஒன்றில் உருவான இலவசத் திறந்தமூல சாஃப்ட்வேர் இருக்கிறது. அதன் நடத்தைப் பகுதியில் நல்லதையும் பதியலாம். இலவசமாகக் கிடைப்பதில் இருப்பதைக் காசு கொடுத்தவர்கள் கேட்பதில் தப்பில்லை. ஒருவேளை புள்ளியையும் தானியங்கிச் செய்தியையும் நிறுத்தவே முடியாது என்றால் அந்த மாட்யூல் மட்டும் வேண்டாம். பக்க எண் போட்ட தைத்த நோட்டு ஒன்றை உங்கள் அறை அலமாரியில் பூட்டி வையுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாம்.

இரண்டு வாரம் முடிந்து மாட்யூலைத் திறக்கும் முன் 'சோதனை மாணவர்' என்று ஒரு பொய்ப் பெயரைச் சேர்த்து, அவன் மேல் ஒரு பதிவு போடுங்கள். அதில் இன்னொரு பிள்ளையின் பெயரும் வரட்டும். பெற்றோர் எண்ணாக உங்கள் எண்ணையே கொடுங்கள். பிறகு வகுப்பாசிரியர், வேறு வகுப்பு ஆசிரியர், அலுவலகம், பெற்றோர் என்று ஒவ்வொரு லாகினாக நுழைந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள். வேறு பிள்ளையின் பெயர் பெற்றோர் திரையில் தெரிந்தாலோ, இரவில் உங்கள் போனில் ஏதாவது செய்தி வந்தாலோ இன்னும் திறக்காதீர்கள்.

பையன் பள்ளிக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் டீச்சர். தாமதத்துக்கு அவன் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள்.